திரும்புவதற்கு இருபத்திரண்டு அடி

சாந்தாமணியிடம் டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களிலேயே மூத்தவர் நாச்சிமுத்து. அவருக்கு ஐம்பத்தெட்டு. காங்கேயம் ரோட்டில் டிராக்டர் பட்டறை வைத்திருக்கும் அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. யார் யோசனை கேட்டாலும் நேராகப் பதில் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. அதனாலேயே பாதிப் பேர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். நாச்சிமுத்து போகவில்லை. பிடிவாதத்தில் அவரும் குறைந்தவரல்ல.

ஆனி கடைசியில் ஒரு நாள் காலை, நான்கு கம்பெனிகளின் படப் புத்தகங்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"அம்மிணி, இதுல எனக்கு எந்த டிராக்டர் சரிப்படும்? நீ சொல்றதத்தான் வாங்கறது."

"நெலம் எவ்வளவுங்ண்ணா?"

"அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கம்மி."

"பின்னால என்னென்ன மாட்டோணும்?"

அவர் விரல் விட்டுச் சொன்னார். கொத்துக் கலப்பை, மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர், டிப்பர், குழி போடும் மிஷின்.

"குழி போடறது எதுக்குங்க? வேலிதான் போட்டாச்சே."

"இருக்கட்டும். சென்னியப்பன் பழைய வண்டிய வித்துட்டானாம். புதுசு எடுக்கப் போறானாம்."

"சரிங்க" என்றாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சென்னியப்பன் அவருடைய கூடப்பிறந்த தம்பி. அப்பன் விட்டுப்போன தோட்டத்தைப் பிரித்தபோது இரண்டு பேருக்கும் ரோடும் வேண்டும், கிணறும் வேண்டும் என்று நின்றார்கள். தெற்கே ரோடு, வடக்கே கிணறு. ஆகவே நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தார்கள். ஆளுக்கு ஆயிரம் அடி நீளம், இருபது அடி அகலம். வேட்டி காயப்போடத் தோதான நிலம். அப்படியும் பதினோரு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் விளைந்தது. தம்பியிடம் டிராக்டர் இருந்தது. இரண்டு துண்டையும் ஒரே மூச்சில் அவனே உழுதுவிடுவான்.

பிறகு தம்பி மகன் கல்யாணப் பத்திரிகையில் நாச்சிமுத்துவின் பெயர், தம்பியுடைய மச்சான் பெயருக்குக் கீழே வந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். இதற்கு ஒரு மனுஷன் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுப்பானா என்று கேட்காதீர்கள். இழுத்தார். ஐந்து வரிசை.

அதோடு இரண்டு ஆடி போய்விட்டது. வாடகை டிராக்டர்காரர்கள் ரோட்டில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நிலத்தில் பார்த்தீனியம் இடுப்பு உயரம் நிற்கிறது. இந்த ஆடியிலும் உழவு இல்லையென்றால் விற்றுவிடலாம் என்று திருப்பூரில் இருக்கும் மகன் சொல்லிவிட்டான். நாச்சிமுத்துவுக்கு விற்க மனசில்லை. அந்த மண்ணில்தான் அவருடைய அம்மா விழுந்து செத்தாள், கையில் களைக்கொத்தோடு.

சாந்தாமணி படப் புத்தகங்களைப் பிரிக்கவே இல்லை. ஆணியில் மாட்டியிருந்த கயிற்றை எடுத்தாள். அதில் மூன்று இடத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

"வாங்க, தோட்டத்துக்குப் போலாம்."

நிலத்துக்கு ஒரு பக்கம் வேலி, மறுபக்கம் ஆள் ஆழத்துக்கு ஓடை. சாந்தாமணி கிணற்றுப் பக்கமாகப் போய் ஓடைக் கரையில் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மொதல் துணியப் புடிச்சுக்கோங்க. கயிறு விறைக்கற வரைக்கும் பின்னாலயே போங்க."

"இது என்ன அளவு?"

"இருக்கறதுலயே சின்ன டிராக்டர். ரோட்டவேட்டர மாட்டிக்கிட்டுத் திரும்பறதுக்கு வேணுங்கற எடம். இருபத்திரண்டு அடி."

நாச்சிமுத்து பார்த்தீனியத்தை மிதித்துக்கொண்டு பின்னால் போனார். கயிறு விறைப்பதற்கு முன்னால் முதுகில் முள்கம்பி குத்தியது.

"இன்னும் போங்க."

"எங்க போறது? வேலி."

கயிறு நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டாவது துணி புடிங்க" என்றாள்.

"எதுக்கு? சின்னதே பத்தலையே."

"நாலு பொஸ்தகம் கொண்டாந்தீங்களே."

அவர் பிடிக்கவில்லை. "முன்ன பின்ன எடுத்துத் திருப்பிக்கலாம்ல?"

"திருப்பலாம். ஒவ்வொரு சாலுக்கும் நாலு தடவை. ஒரு தடவை ஓடைக்குள்ள போனா அப்புறம் திருப்பவே வேண்டாம்."

"பவர் டில்லர்?"

"ஆயிரம் அடி அது பின்னால நடக்கோணும். திருப்பி ஆயிரம். உங்க முட்டி என்ன சொல்லுது?"

முட்டி என்ன சொல்லும்? பட்டறையிலிருந்து நடந்து வந்ததற்கே அது வலித்துக்கொண்டிருந்தது.

"ஒன்னு கேக்கட்டுங்ளா?" என்றாள். "இந்தக் கல்லுக்காலுக்குக் குழி போட ஒரு டிராக்டர் வந்துச்சே. கடைசிக் குழி போட்டுட்டு அது எப்படித் திரும்பிப் போச்சு?"

நாச்சிமுத்து வேட்டியில் ஒட்டியிருந்த களைப்பூவைத் தட்டினார். இன்னொரு தரம் தட்டினார்.

"கேட்டனுங்க."

"கம்பி இழுக்காத நேரம்" என்றார். "கல்லு நடுவால பூந்து..."

"பூந்து?"

"அவன் பங்குக் காட்டுக்குள்ள திரும்பித்தான் போச்சு."

அவள் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினாள். நாச்சிமுத்து திரும்பி, கம்பியில் மாட்டியிருந்த சட்டையை விடுவிக்கப் பார்த்தார். சட்டை லேசாகக் கிழிந்தது. அப்போதுதான் கம்பிக்கு அந்தப் பக்கம் கண் போனது. தம்பியின் துண்டிலும் அதே பார்த்தீனியம், அதே உயரம். அதற்கும் அந்தப் பக்கம் கோழிப்பண்ணையின் மதில். ஒரு காலத்தில் அவன் அகலமாகத் திரும்பின இடம் இந்தப் பக்கம்தான், அவர் நின்றுகொண்டிருந்த இடம். வேலி போட்ட நாளிலிருந்து அவனும் உழவில்லை என்பது இரண்டு வருஷமாக அவர் கண்ணெதிரிலேயே இருந்திருக்கிறது. பார்த்து உள்ளுக்குள் சந்தோஷம்கூடப் பட்டிருக்கிறார். ஏன் என்று மட்டும் யோசிக்கவில்லை.

அவர் சட்டை கிழிந்த முள்ளுக்குப் பக்கத்து முள்ளில், மறுபுறமிருந்து ஒரு நீலத் துணி நூல் மாட்டியிருந்தது. மழையில் நனையாத புது நூல்.

"இது யாருது?"

"உங்க தம்பியோடதுங்க. போன வாரம் இதே கயித்தப் புடிச்சுக்கிட்டு பின்னாலயே வந்தாரு."

"உன்கிட்ட வந்தானா?"

"நாலு பொஸ்தகத்தோட."

நாச்சிமுத்து அந்த நூலைத் தொட்டார். விரல் முள்ளில் பட்டும் எடுக்கவில்லை. நல்ல வார்த்தை ஒன்று அவர் தொண்டை வரைக்கும் வந்தது போலத்தான் இருந்தது. அவருக்காக என்னாலும் ஆசைப்படாமல் இருக்க முடியவில்லை.

கடைசியில் கேட்டார்.

"அவன் எந்த டிராக்டர் எடுக்கறான்?"

சாந்தாமணி கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அவரும் கடைசீல இதத்தான் கேட்டாருங்ண்ணா, அண்ணன் எத எடுக்கறாருன்னு."