பகலில் எரிந்த விளக்குகள்

மேகம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற குன்று அது. மேலே ஒரு சின்ன மடம். அங்கே இருந்த அம்மாவின் பெயர் யாருக்கும் தெரியாது. குன்றில் இருந்ததால் குன்றம்மா. வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. அவருக்குச் சீடன் என்று சொல்லிக்கொண்டு வந்துபோன நஞ்சப்பனுக்கோ பேரன் எடுத்த வயது. நஞ்சப்பன் அம்மாவைச் "சாமி" என்பார். அம்மா அவரை "அண்ணா" என்பார். எனக்கு மடத்துத் தொட்டியில் தண்ணீர் நிரப்புகிற வேலை. அதனால் இதெல்லாம் என் காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அடிவாரத்தில் நாலைந்து வீடுகள். வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ மாடு. பால் வண்டி அந்தப் பக்கம் வருவதை நிறுத்தியபோது ஊரே கலங்கிப் போனது. கறந்த பாலை என்ன செய்வது? அப்போதுதான் ஓர் அதிகாரியம்மா வந்தார்.

"பாலைப் பாலாவே வித்தாத்தானே கெட்டுப்போகுது? சட்டித் தயிராப் போடுங்க. டவுன்ல நல்லா எடுப்பாங்க. அரசாங்க மானியத்துல ஒரு குளிர்பெட்டி வந்திருக்கு. ஊருக்கு ஒண்ணுதான். வெள்ளிக்கிழமை வந்து ருசி பார்ப்பேன். எந்த வீட்டுத் தயிர் நல்லா இருக்கோ, பெட்டி அவங்களுக்கு."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ஊரில் ஒருவரோடு ஒருவர் பேச்சு நின்றுவிட்டது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பாலைத் தயிராக்க ஊற்றுகிற துளி மோரை உறைமோர் என்பார்கள். அதைக் கேட்டு யார் கிண்ணத்தோடு வந்தாலும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தியில் வாசல் மாடத்தில் விளக்கு வைத்துவிட்டால், அதன் பிறகு கொடுக்கவும் மாட்டார்கள். கொடுத்தால் வீட்டு லட்சுமி கூடவே போய்விடுவாளாம்.

அந்த நாட்களில்தான் நான் அதைப் பார்த்தேன். தண்ணீர்க் குடத்தோடு நிமிர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கீழே மூடுபனி அசையாமல் கிடந்தது. அதற்குள் ஒரு விளக்கு. வானத்தில் சூரியன் இருக்கிறது, விளக்கும் எரிகிறது. மறுநாள் இரண்டு விளக்கு. அடுத்த நாள் அதற்கும் முன்னதாகவே, சாப்பாட்டு நேரத்திலேயே இன்னொன்று. வெள்ளைப் பனிக்குள் மஞ்சள் மஞ்சளாய், சத்தமே இல்லாமல் எரிந்துகொண்டிருந்தன. கனவு காண்கிறோமோ என்று கண்ணைக் கழுவிக்கொண்டேன்.

"அம்மா, ஊருக்கு என்ன ஆச்சுங்க? பகல்லயே விளக்கு வெக்கறாங்க."

குன்றம்மா எட்டிப் பார்த்தார். "யாரோ ஒருத்தர் ஆரம்பிச்சிருக்காங்க," என்றார். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை வெயில் சாய்ந்தபோது நஞ்சப்பன் மேலே ஏறி வந்தார். மூச்சு இரைத்தது. கையில் ஒரு வெறும் கிண்ணம்.

"சாமி, நான் கெட்டேனுங்க."

"உட்காருங்கண்ணா. என்னாச்சு?"

"உறை ஊத்தினது திரிஞ்சு போச்சுங்க. பால் கொதிச்சு இறக்கினது ஆறவே இல்லை, அவசரத்துல ஊத்திட்டேன். சட்டியோட பாழ்."

"என்னங்க அப்படி அவசரம்?"

அவர் தலையைச் சொறிந்தார். "யாராச்சும் கிண்ணத்தோட வந்துருவாங்கன்னுதான்."

"சரி, மிச்ச உறையில இன்னொரு சட்டி ஊத்தறது."

"மிச்சமே இல்லைங்க. முழுசையும் அதுலயே கொட்டிட்டேன். கேட்டு வந்தா இல்லைன்னு சொல்லணும்ல? பொய் சொல்ல மனசு வரலை. அதான் நெஜமாவே இல்லாமப் பண்ணிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. குன்றம்மா சிரிக்கவில்லை. அதனால் நானும் அடக்கிக்கொண்டேன்.

"கடைத் தயிர ஊத்திப் பார்க்கலாமுங்களே?"

"அதுல நம்ம ருசி வருமுங்களா? நாக்குல வெச்ச உடனே அந்தம்மா கண்டுபிடிச்சிரும்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "இன்னிக்கு ராத்திரி உறையலைன்னா காலையில வெக்கறதுக்கு ஒண்ணுமில்லைங்க. பெட்டி போச்சுன்னா எங்க செவலை மாட்டை வித்துரணும். தரகன் வந்து பல்லப் பிடிச்சுப் பார்த்துட்டுப் போயிட்டான். என் பொஞ்சாதி பாவாத்தா அதுங்கிட்ட மூஞ்சியவே காட்ட மாட்டேங்கறா. செவலை பொறந்ததே அவ மடியிலதானுங்க."



"ஊருக்குள்ள கேட்டுப் பார்த்தீங்களா?"

"பாவாத்தா மத்தியானமே கெளம்பிட்டா. சூரியன் உச்சியில நிக்குது சாமி, போற வீட்டுலயெல்லாம் விளக்கு எரியுது! 'விளக்கு வெச்சாச்சே பாவாத்தா'ங்கறாங்க. என்ன அநியாயம் இது? ஊரு எப்பேர்ப்பட்ட ஊரு? எப்படி மாறிப்போச்சு பாருங்க!"

"எல்லா வீட்டுக்கும் போனாங்களா?"

நஞ்சப்பன் கீழே ஊர்ப் பக்கம் பார்த்தார்.

"அண்ணா?"

"ரங்காயி வீட்டுக்கு மட்டும் போகலைங்க."

"ஏனுங்க?"

அவர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பனி மடத்து வாசல்வரை வந்து அவர் காலைத் தொட்டது.

"போன வாரம் அவ எங்க வீட்டுக்குக் கேட்டு வந்தா. ஒத்தை மாடு வெச்சுப் பொழைக்கறவ. மாடு சேர்ந்தாப்புல ரெண்டு மூணு நாள் மடி மரத்துப் பால் இறங்காமக் கெடந்ததுல உறை அத்துப் போச்சுன்னா. தூரத்துல அவ வர்றதைப் பார்த்துட்டேனுங்க. ஓடிப்போய் வத்திப்பெட்டி எடுத்து..."

"எடுத்து?"

"விளக்கப் பத்த வெச்சுட்டேன். பொழுது இருந்தது. நல்ல வெயில். அவ விளக்கையும் பார்த்தா, என்னையும் பார்த்தா. ஒரு வார்த்தை கேட்கலை சாமி. திரும்பிப் போயிட்டா. ஏசிட்டுப் போயிருந்தாக்கூடத் தேவலாம்."

நான் கீழே பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"உங்ககிட்டத் துளி இருக்குமுங்களே சாமி?" என்றார் நஞ்சப்பன். "தெனமும் எங்க வீட்டுத் தயிர்தானே இங்க வந்துட்டிருந்தது."

குன்றம்மா எழுந்துபோய் ஒரு சட்டியைக் கொண்டுவந்தார். கழுவிக் கவிழ்த்த சட்டி. அவர் முன்னால் அப்படியே வைத்தார்.

"வந்துட்டிருந்தது. அதிகாரியம்மா வந்துட்டுப் போன ரெண்டாம் நாளே நிறுத்திட்டீங்களே."

நஞ்சப்பன் தரையைப் பார்த்தார்.

"கடைசியா வந்ததுல கொஞ்சம் இருந்தது," என்றார் குன்றம்மா. "அன்னைக்கு உங்க வாசல்ல இருந்து ரங்காயக்கா கிண்ணத்தோட நேரா மேல வந்துச்சு. கிண்ணத்துல ஊத்திக் கொடுத்தேன். அதுலதான் இப்ப அவங்க வீட்டுல தெனம் தயிர் உறையுது."

"அப்ப அது..."

"உங்க வீட்டு உறைதானுங்க."

அவர் அந்த வெறும் சட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. அடிவாரத்தில் பனி நிறைந்து பால் பானை மாதிரித் தளும்பி நின்றது.

"கால்ல விழுந்தாவது கேட்டுப் பார்ப்பேன் சாமி," என்றார் கடைசியில். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா நேரமாயிருச்சே. நெஜமாவே பொழுது போயிருச்சு. இந்நேரம் அவளும் விளக்கு வெச்சிருப்பா. அப்புறம் எப்படிக் கேட்பேன்? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேட்பேன்?"

குன்றம்மா வாசலுக்குப் போய்க் கீழே கையைக் காட்டினார்.

நாங்கள் இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. இன்றைக்கு எரிய வேண்டிய நேரம்தான். ஊரின் ஓரத்தில் ஒரு வீடு மட்டும் இருட்டாகக் கிடந்தது. மாடத்தில் விளக்கில்லை. உள்ளேயும் வெளிச்சம் இல்லை.

"ரங்காயி வீடுங்க அது," நஞ்சப்பன் பதறினார். "என்னாச்சு அவளுக்கு? மேலுக்குச் சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. உங்க வீட்டம்மா கிண்ணத்தோட ஊரைச் சுத்தினதைப் பார்த்திருக்கு. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் வந்து சொல்லிட்டுப் போச்சு." குன்றம்மா தரையில் இருந்த கிண்ணத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "வெரசாப் போங்கண்ணா. பாவம், எவ்வளவு நேரந்தான் இருட்டுல உட்கார்ந்திருக்கும்?"