ஓனிக்குத் திறந்த கதவு

இருட்டிய பிறகு அந்தச் சத்தம் கேட்டது. தொம்... தொம்... தொம். மெத்தையை யாரோ மெதுவாகக் குத்துவதுபோல.

கோத்தகிரியில் ஒரு பழைய கூடம். சுமியே என்ற ஜப்பானிய ஆசிரியை அங்கே பிள்ளைகளுக்கு முரசடிக்கவும் கதை சொல்லவும் கற்றுத்தருகிறார். வாசற்படியில் நின்ற ரெஜினா சிலுவை போட்டுக்கொண்டாள்.

“என்ன சத்தம் மிஸ் அது?”

அவள் மகள் ஜெசிந்தாதான் முந்திக்கொண்டாள். “பனி விழுதும்மா. ஜப்பான் கதையில பனிக்கு இப்படித்தான் அடிக்கணும்.”

“பனி விழுந்தா சத்தம் கேக்குமா? மிஸ், கதவைச் சாத்தாதீங்க. தூக்கத்துல ஓனி, ஓனின்னு உளர்றா இவ.”

நான்கு வாரமாக இதே பேச்சு. உள்ளே வரமாட்டாள், போகவும் மாட்டாள். இங்கே பேய் பழக்குகிறார்கள் என்று அவள் சொன்னதைக் கேட்டு ஒன்பது பிள்ளைகள் வகுப்பிலிருந்து நின்றுவிட்டார்கள். மிச்சம் ஐந்து. ஜெசிந்தாவும் போனால் கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான்.

சீடன் தணிகைவேல் ஆசிரியையின் அருகில் குனிந்தான். “அந்தம்மா திருடனைப் பாக்கற மாதிரியே என்னைப் பாக்கறாங்க. இந்தச் சந்தேகத்தை எப்படிப் போக்கறது?”

ஆசிரியை ஒரு சிவப்பு முகமூடியை எடுத்து நீட்டினார். இரண்டு கொம்பு, கோரைப்பல்.

“நானா?”

“உன்னைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறார்.”

அன்று ஜப்பானியர் குளிர்காலத்தை வழியனுப்பும் நாள். வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஓனி என்ற பேயை வறுத்த சோயா விதைகளால் அடித்து விரட்டுவார்கள். விரட்டிய கையோடு கதவைச் சாத்திவிட வேண்டும்.

தணிகைவேல் முகமூடியை மாட்டினான். ஓனி உறுமியது. பிள்ளைகள் சோயாவை அள்ளி வீசினார்கள். “ஓனி வெளியே! நல்லது உள்ளே!”

“ஏய், கண்ணுல படுதுடா!” என்றது ஓனி. ஜெசிந்தா சிரித்துச் சிரித்து முரசின்மேல் சாய்ந்தாள். ஓனி ரெஜினாவை உரசிக்கொண்டு மூடுபனிக்குள் ஓடியது.

“கதவு! கதவு!”

சாத்த முடியவில்லை. நடுவில் ரெஜினா நின்றாள்.

“அம்மா, நகரும்மா! திரும்பி வந்துரும்!” ஜெசிந்தாவின் குரலில் இப்போது சிரிப்பில்லை.

மூடுபனியில் கொம்பு அசைந்தது. ரெஜினா அதைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். காலை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளில் கை நின்றது.

“மிஸ், போயிடுச்சான்னு ஒரே ஒரு தடவை திறந்து பாத்துடட்டுமா?”

“பாருங்கள். அதற்காகத்தான் அது காத்திருக்கிறது.”

ரெஜினா தாழ்ப்பாளைப் போட்டாள்.