பதினோரு கடிகாரக் கூடம்

ஆற்றங்கரையில் ஒரு மடம். மடம் என்றதும் கோபுரமும் யானையும் நினைத்துவிட வேண்டாம். ஒரு நீளக் கூடம், ஒரு சமையல்கட்டு, பின்னால் நாலு அறை, கிணற்றடியில் ஒரு மாமரம். அவ்வளவுதான். மடத்துக்குத் தலைவி உலகம்மை. வயது நாற்பதுதான் என்றாலும் ஊருக்கே அவர் அம்மை.

அங்கே சீடராக வந்து சேர்ந்தார் தாணுமூர்த்தி. வயது அறுபத்தொன்று. தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளைக் கரையேற்றியாயிற்று, இனியாவது நாலு நல்ல விஷயம் காதில் விழட்டும் என்று வந்தார். வந்த அன்றே அம்மை அவர் கையில் விளக்குமாற்றைக் கொடுத்துவிட்டார்.

"கூடம் உங்க பொறுப்பு, அண்ணாச்சி."

தன் வீட்டில் விளக்குமாறு எந்த மூலையில் இருக்கும் என்றுகூடத் தெரியாத மனுஷன் அவர். ஆனாலும் ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மடத்தில் ஒரு சட்டம் உண்டு. எடுத்த வேலையை முடித்துவிட்டுத்தான் பாடத்துக்கு உட்கார வேண்டும். சூரியன் எழும்போது மாமரத்தடியில் பாடம் ஆரம்பிக்கும். கூடத்தில் நடத்தலாம்தான். கூடத்தில் எங்கே இடம்?

அங்கேதான் உபயங்கள் நின்றன. மடத்துக்கு வருகிற எவரும் வெறுங்கையோடு வருவதில்லை. பதினோரு சுவர்க் கடிகாரம், பதினொன்றும் பதினோரு நேரம் காட்டும். பதினேழு குத்துவிளக்கு. சில்வர் குடம், டேபிள் ஃபேன், சட்டம் போட்ட படங்கள், அம்மைக்குப் போர்த்திய பொன்னாடைகள் மூட்டை மூட்டையாக. ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயிண்டில் 'உபயம்' என்று போட்டு, கொடுத்தவர் பெயரும் அவர் அப்பா பெயரும்.

இத்தனையையும் தூக்கித் துடைத்து, அடியில் பெருக்கி, பழைய இடத்தில் வைக்கத் தாணுமூர்த்திக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. அவர் முடித்து, கையைக் கழுவி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு மாமரத்தடிக்கு ஓடும்போது அம்மை எழுந்துவிடுவார்.

"இன்னைக்கு இது போதும்."

ஏழு மாதத்தில் அவர் காதில் விழுந்த ஞானம் இந்த மூன்று சொல்தான்.

மனுஷன் சும்மா இருக்கவில்லை. சீக்கிரம் எழுந்து பார்த்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. தென்னை விளக்குமாறு ஒன்று, பூந்துடைப்பம் ஒன்று, ஒட்டடைக் கம்பு ஒன்று என்று வாங்கினார். அவற்றைச் சாத்தி வைக்க ஒரு மூலை தேவைப்பட்டது. கடைசியில் ஆபீஸ் மூளை வேலை செய்தது. சாமான்கள் சிதறிக் கிடப்பதால்தானே பாடு? ஒரே இடத்தில் அடுக்கிவிட்டால்?

தச்சரை வரவழைத்து, கூடத்து வடக்குச் சுவரை அடைத்தாற்போல எட்டுக் கண்ணாடிக் கதவு வைத்து ஓர் அலமாரி செய்ய வைத்தார். அதில் பாதிச் சாமான்தான் பிடித்தது. எட்டுக் கண்ணாடியிலும் தினமும் தூசி படிந்தது. மூன்று மணி நேர வேலை மூன்றேமுக்கால் ஆயிற்று.

இப்படி இருக்கும்போது அம்மை அறிவித்தார். "குருபூஜைக்கு மறுநாள் புதுப் பாடம் ஆரம்பிக்கிறோம். மூணு வருஷப் பாடம். முதல் நாள் உட்கார்ந்தவங்க கடைசி வரைக்கும் உட்காரலாம். முதல் நாள் விட்டவங்க அடுத்த பாடத்துக்கு வாங்க."

தாணுமூர்த்தி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அடுத்த பாடத்துக்கு அவருக்கு அறுபத்துநாலு. முழங்கால் இப்போதே மடங்க மாட்டேன் என்கிறது. நடுவில் என்ன ஆகுமோ, யார் கண்டது? குருபூஜைக்கு எட்டே நாள்தான் இருந்தது.

அன்றைக்கு அம்மை சமையல்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது போய் நின்றார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க, அண்ணாச்சி."

"கூடத்தைச் சீக்கிரமாப் பெருக்க வழி உண்டா?"

"இவ்வளவுதானா?" அம்மை கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார். "விளக்குமாற்றை இப்படிக் குடுங்க. நான் பெருக்குதேன். நீங்க கூட வாங்க."

தாணுமூர்த்திக்குக் கூச்சமாகப் போயிற்று. குரு பெருக்கச் சீடன் வேடிக்கை பார்ப்பதா? ஆனால் அம்மை அதற்குள் குனிந்து நாலு இழுப்பு இழுத்துவிட்டார். ஐந்தாவது இழுப்பில் விளக்குமாறு ஒரு குத்துவிளக்கில் இடித்தது.

"இதைப் பிடிங்க, அண்ணாச்சி."

பிடித்துக்கொண்டார். ரெண்டு இழுப்பு. சில்வர் குடம்.

"இதையும் பிடிங்க."

குடம் இடுப்புக்குப் போயிற்று. அடுத்து டேபிள் ஃபேன் அக்குளுக்கு. படம் ஒன்று தாடைக்கு அடியில். மேலே ரெண்டு பொன்னாடை. ஒரு கடிகாரத்தை அம்மை அவர் கழுத்திலேயே மாட்டிவிட்டார். தாணுமூர்த்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், சந்தையில் பாத்திரம் விற்கிறவர் மாதிரி.

அம்மை நிமிர்ந்து விளக்குமாற்றை நீட்டினார்.

"எனக்கு இடுப்பு வலிக்கு. மிச்சத்தை நீங்க பெருக்குங்க."

தாணுமூர்த்தி திருதிருவென்று விழித்தார்.

"கை ஒழியலையே, அம்மா."

"ஒழியலையா?"

"நீங்கதானே எல்லாத்தையும் குடுத்து வெச்சிருக்கீங்க!"

"நான் இன்னைக்குத்தான் குடுத்தேன். ஏழு மாசமா யாரு குடுத்தா?"

தாணுமூர்த்தி தாடைக்கு அடியில் இருந்த படத்தை முதலில் இறக்கினார்.

எல்லாவற்றையும் இறக்கி வைத்த பிறகு மெதுவாகக் கேட்டார். "உபயம் ஆச்சே, அம்மா. குடுத்தவங்க மனசு கஷ்டப்படாதா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? அவங்க வீட்டுக் கதவு திறந்துதான் கிடக்கு." அம்மை கீரைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

மறுநாளே தாணுமூர்த்தி சைக்கிளை எடுத்தார். வீடு வீடாகப் போனார். போகும்போது என்ன திட்டு விழுமோ என்று பயந்தார். வரும்போது சிரிப்பு வந்தது. கொடுத்தவர்களில் பாதிப் பேருக்குக் கொடுத்ததே ஞாபகமில்லை. ஒரு அம்மாள், "அதையா இன்னும் வெச்சிருக்கீங்க? எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு அந்த மாதிரி ஏழு வந்துச்சு, அண்ணாச்சி" என்று உண்மையைப் போட்டு உடைத்துவிட்டார்.

விளக்குகள் விளக்கில்லாத கோயில்களுக்குப் போயின. குடங்கள் தண்ணீர்ப் பந்தலுக்கு. ஃபேன் தறிக்கூடத்துக்கு. பொன்னாடைகளை ஒரு தையல்காரம்மா அள்ளிக்கொண்டு போய்த் தொட்டில் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தார். கடிகாரங்கள் பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கடைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் போயின. ஆறாவது நாள் தாணுமூர்த்தி கூடத்தில் நின்று தும்மினார். தும்மல் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒரே ஒரு வில்லங்கம். அரிசி மில் முதலாளி சுடலையாண்டி வெளியூர் போயிருந்தார். ஊரிலேயே பெரிய கடிகாரம் அவர் உபயம்தான். அவரைக் கேட்காமலே அதைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியாயிற்று.

குருபூஜையன்று எள் போட்டால் எள் விழாத கூட்டம். முதல் முறையாகக் கூடத்திலேயே பந்தி. ஒரே நேரத்தில் நூறு இலை விழுந்தது. சாம்பார் வாளியோடு போய்க்கொண்டிருந்த தாணுமூர்த்தியை ஒரு கனத்த குரல் நிறுத்தியது.

"என் கடிகாரம் எங்கய்யா?"

சுடலையாண்டி முதலாளி. கண் சுவரைத் துழாவிக்கொண்டிருந்தது. பந்தியில் கைகள் நின்றுவிட்டன. தாணுமூர்த்தி வாளியைக் கீழே வைத்தார்.

"பள்ளிக்கூடத்துல மூணாம் வகுப்புல ஓடுது, முதலாளி."

"யாரைக் கேட்டுக் குடுத்தீரு?"

"கேக்க வந்தேன். நீங்க ஊர்ல இல்லை. தப்புன்னா இன்னைக்கே போய்க் கழற்றிட்டு வந்திருதேன்."

முதலாளி மீசையைத் தடவினார். "அதுல என் பேர் இருக்கா, அழிச்சாச்சா?"

"இருக்கு. அங்க நாப்பது பிள்ளைங்க தினமும் எழுத்துக் கூட்டிப் படிக்குது. இங்க நான் ஒருத்தன்தான் படிச்சேன், அதுவும் துடைக்கும்போது."

பந்தியில் யாரோ புரை ஏறும்படி சிரித்தார்கள். முதலாளிக்கு மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மனுஷன் லேசில் விடுகிற ஆள் இல்லை. வடக்குச் சுவரைப் பார்த்து விரலை நீட்டினார்.

"எங்க உபயம் எல்லாத்தையும் ஊருக்கு வாரி விட்டீரு. சரி. இது மட்டும் ஏன் நிக்கு? உள்ளே ஒண்ணுமில்லையே?"

எட்டுக் கண்ணாடி அலமாரி காலியாக நின்றது. முதலாளி கிட்டே போய், மேல் பலகையில் இருந்த சிவப்பு எழுத்தை ஊர் கேட்கப் படித்தார்.

"உபயம். ஆ. தாணுமூர்த்தி. தலைமை எழுத்தர், ஓய்வு."

இந்த முறை பந்தி முழுக்கச் சிரித்தது. தாணுமூர்த்திக்கு முகம் சிவந்து போயிற்று. வெட்கமாக இருந்தது. ஊர்ச் சாமானையெல்லாம் கைவீசிக் கொடுத்தவருக்கு, இந்த அலமாரி ஒரு தடவைகூடக் கண்ணில் படவில்லை. படவில்லையா? தினமும் முக்கால் மணி நேரம் அதன் முன்னால்தான் நின்றிருக்கிறார். காலி அலமாரியை, இன்றைக்குக் காலையில்கூட எட்டுக் கதவையும் பளபளவென்று துடைத்திருக்கிறார்.

அவர் அம்மையைப் பார்த்தார். அம்மை யாருக்கோ மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கமே திரும்பவில்லை.

தாணுமூர்த்தி சமையல்கட்டுக்குப் போனார். ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறினார்.

"முதலாளி, அடியில கொஞ்சம் தாங்கிக்கிடுங்க. தனியாளா முடியாது."

சுடலையாண்டி எதிர்பார்க்கவில்லை. வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டிய ஆள் நம்மையே வேலை வாங்குகிறாரே என்று ஒரு நிமிஷம் நின்றார். பிறகு பட்டுச் சட்டையின் கையை மடித்துவிட்டுத் தோளைக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் எட்டுக் கதவும் பலகைகளும் தனித்தனியாகக் கழன்று, முதலாளியின் மில் வண்டியிலேயே வாசகசாலைக்குப் போயின. அங்கே புத்தகங்கள் மழைச்சாரலில் நனைந்துகொண்டிருந்தன.

மறுநாள் காலை. கூடத்தில் பருக்கை, இலை நறுக்கு, நானூறு கால் கொண்டு வந்த ஆற்று மண். தாணுமூர்த்தி கிழக்குச் சுவரில் வைத்த விளக்குமாறு மேற்குச் சுவரில் போய்த்தான் நின்றது. நடுவில் இடிக்க ஒன்றுமில்லை. ரெண்டு வாளித் தண்ணீர் ஊற்றித் தள்ளினார். வழித்துவிட்டார். முடிந்தது.

முடிந்ததா? அவருக்கே நம்பிக்கை வரவில்லை. மூலை மூலையாகப் போய்ப் பார்த்தார். வெளியே வந்து கிழக்கே பார்த்தார். வானம் இப்போதுதான் வெளுக்க ஆரம்பித்திருந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இடுப்பு வலிக்கவில்லை. மனுஷன் கிணற்றடியில் நின்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். சந்தோஷம் தாங்கவில்லை.

பாயோடு வந்த அம்மை நின்றார்.

"என்ன அண்ணாச்சி, உடம்புக்கு முடியலையா? பெருக்கலையா?"

"பெருக்கியாச்சு, அம்மா."

அம்மை செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்குள் போனார். அந்தக் கோடி வரைக்கும் நடந்தார். திரும்பி வந்து உள்ளங்காலைத் தூக்கிப் பார்த்தார். மாமரத்தடியில் பாய் விரித்துக்கொண்டிருந்த சீடர்களைக் கூப்பிட்டார்.

"எல்லாத்தையும் சுருட்டிட்டு உள்ளே வாங்க. இனிமே பாடம் கூடத்துல."

தாணுமூர்த்தி முதல் ஆளாக உள்ளே போய், அம்மைக்கு நேர் எதிரில், முதல் வரிசையில் உட்கார்ந்தார். முழங்கால் முணுமுணுத்தது. போடா என்று மடக்கிப் போட்டார். ஏழு மாதம் எட்டாத இடம் அது.

சூரியன் வாசல் வழியாகத் தரையில் விழுந்தது. அம்மை வாய் திறக்கப் போகிற நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சுடலையாண்டி முதலாளி வந்திருந்தார். குளித்து, திருநீறு பூசி, அவரும் பாடத்துக்கு வந்திருந்தார். ரெண்டு கையிலும் ஒரு பெரிய பெட்டி.

"மன்னிக்கணும், அம்மா. நேத்தே பார்த்தேன், சுவர் மொட்டையா இருந்துச்சு. மனசு கேக்கலை." பெட்டியைத் திறந்தார். "பெண்டுலம் வெச்சது. மணிக்கு ஒரு தடவை குயில் மாதிரிக் கூவும். பேரு கூடப் போடலை, பாருங்க."

அழகான கடிகாரம்தான். சீடர்கள் எட்டிப் பார்த்தார்கள். முதலாளி அதை அம்மையிடம் நீட்டினார்.

அம்மை கையை நீட்டவில்லை.

"எங்கிட்ட எதுக்கு நீட்டுதீங்க, முதலாளி?" என்றார். "வைக்கலாமா வேண்டாமான்னு பெருக்குதவர்கிட்ட கேளுங்க."