கடைசி வரி மட்டும் தெரிந்த ஆமை

நாவல்காட்டில் பள்ளிக்கூடங்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் எல்லாமே ஆற்றங்கரையில் இருந்தன. நரி மந்திரியின் வீடும் அங்கேதான். அது தற்செயலாக அமைந்தது என்று நரி சொல்லும். நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளலாம்.

காட்டின் மேற்கே இருந்தது பாறைமேடு. முயல், உடும்பு, ஆமை என்று அங்கேயும் நிறையக் குடும்பங்கள் உண்டு. பள்ளிக்கூடம்தான் ஒன்றுகூட இல்லை.

அங்கே அல்லி என்றொரு குட்டி ஆமை இருந்தது. அதற்குப் படிக்க அவ்வளவு ஆசை. விடிந்ததும் கிளம்பும். வழியில் எங்கும் நிற்காது. ஆனாலும் அது ஆற்றங்கரைக்குப் போய்ச் சேரும்போது உச்சிவெயில் வந்து, பள்ளி முடிந்துகொண்டிருக்கும். மான்குட்டிகள் வாசலில் நின்று விடைபெறும் பாட்டின் கடைசி வரியைப் பாடும்.

"நாளையும் ஒன்றாய்க் கூடி வருவோம்."

அதைக் கேட்டுவிட்டு அல்லி திரும்பி நடக்கும். அந்தப் பாட்டு எப்படித் தொடங்கும் என்று வழியெல்லாம் யோசிக்கும். தானே ஒரு முதல் வரி கட்டிப் பார்க்கும். எதுவும் பொருந்தாது. இன்றைக்கு என்ன படித்தாய் என்று அம்மா கேட்டால், அந்த ஒரு வரியைப் பாடிக் காட்டும். பெற்ற மனம் எத்தனை நாள்தான் பொறுக்கும்? தாய் ஆமை சிங்கராஜாவிடம் போய் முறையிட்டது.

நரி குறுக்கே புகுந்தது. "எல்லா வீட்டுக்கும் கூப்பிடு தூரத்துல பள்ளிக்கூடம் இருக்கணும்ங்கிறது சட்டம். மகாராஜாவே பாறைமேட்டுல நின்னு கூப்பிட்டுப் பாத்தாரு. ஆற்றங்கரை வரைக்கும் கேட்டுச்சே!"

சிங்கம் ஆமாம் என்று தலையாட்டியது. அது கெட்ட ராஜா இல்லை. தன் குரல் எவ்வளவு பெரிது என்று அதற்கு யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

"உங்க குரல் கேக்கும், ராஜா. ஆனா படிக்கப் போறது என் பொண்ணு. அவ கூப்பிட்டா கேக்குமா?" என்றது தாய் ஆமை.

சிங்கம் கொஞ்சம் யோசித்தது. மறுநாள் காலை அல்லியைப் பாறைமேட்டில் நின்று கூப்பிடச் சொல்லிவிட்டு, தான் ஆற்றங்கரைப் பள்ளி வாசலில் காதை விடைத்துக்கொண்டு நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. குட்டி தூங்கியிருக்கும் என்றது நரி. சிங்கம் மேற்கே நடந்தது. நடந்து நடந்து, பாறைமேட்டின் அடியில் இருந்த புளியமரத்துக்கு வந்த பிறகுதான் மெல்லிய குரல் ஒன்று கேட்டது. கத்திக் கத்திக் கம்மிப் போயிருந்த குரல். நாளையும் ஒன்றாய்க் கூடி வருவோம் என்று திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தது.

"முழுப் பாட்டையும் பாடேம்மா" என்றது சிங்கம்.

"இதுக்கு முன்னாடி என்ன வரும்னு எனக்குத் தெரியாது, ராஜா."

சிங்கம் தலை குனிந்தது. பிறகு புளியமரத்தடி மண்ணைத் தன் காலால் கீறி, பள்ளிக்கூடம் இங்கே வரட்டும் என்றது.

புதுப் பள்ளி திறந்த அன்று முதலில் வந்தது அல்லிதான். பாடம் முடிந்ததும், வாழ்த்த வந்திருந்த ஆற்றங்கரை மான்குட்டிகள் எழுந்து நின்று விடைபெறும் பாட்டைப் பாடத் தொடங்கின.

"காலையில் ஒன்றாய்க் கூடி வந்தோம்..."

அல்லி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசி வரி வந்தபோது மட்டும் சேர்ந்து பாடியது.

எல்லாருக்கும் பொதுவானதை வலியவரின் அளவால் அளக்கக் கூடாது; எளியவருக்கு எட்டினால்தான் அது எல்லாருக்கும் எட்டியதாகும்.