ஜெபினின் மறு பாதி

ராஜா ராணி காலத்துக் கதை இல்லை இது. கரண்டு போனால் ஊரே புழுங்குகிற நம் காலத்துக் கதை. ஒரு ஊரில் ஒரு ஆய்வகம் இருந்ததாம். உடம்பில் உள்ள ஆயிரமாயிரம் புரதங்களில் எது இருக்கிறது, எது குறைகிறது என்று தேடிச் சொல்வது அங்கே வேலை. அந்த வேலையைச் செய்தவள் பூரணி.

மினிபஸ் ஓட்டும் தேவசகாயத்தின் மகன் ஜெபினுக்குத் தசை கரைகிற நோய். இன்ன நோய் என்று கண்டுபிடிக்க, தொடையில் மொச்சைக்கொட்டை அளவு சதை எடுத்துப் பூரணியிடம் அனுப்பினார்கள். "எடுத்ததைத் திருப்பித் தந்துருவாங்களாப்பா?" என்று பயந்து கேட்டான். "அப்பா வாங்கித் தாரேம்ல" என்று சத்தியம் செய்தார். முடிவு வருமுன்னே பையன் போய்விட்டான். எடுத்த சதையில் பாதியையாவது அவன் கல்லறையில் வைக்க வேண்டும் என்றார் தேவசகாயம். தருவதாகப் பூரணியும் வாக்குக் கொடுத்தாள்.

ஆய்வுக்கான பாதியைத் தட்டில் வைத்த அன்று, "ஒரு தடவை பாத்துக்கிடட்டுமா மேடம்?" என்று தேவசகாயம் வந்து நின்றார். அவள் விட்டாள். வெறும் விரலால் அதை மெல்லத் தடவிவிட்டார். தொட்டால் விரலின் தோல் புரதம் ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்தும், பிள்ளையைத் தடவுகிற தகப்பனை அதட்ட அவளுக்கு வாய் வரவில்லை. இயந்திரத்தில் ஏற்றினாள். வந்ததெல்லாம் தகப்பனின் தோல். மகனுடையது அதற்குள் அமுங்கிப்போனது.

அதற்குள் ஜெபினின் தங்கை ஷீபாவுக்கும் படியேறக் கால் தடுமாறியது. குறைகிற புரதம் தெரிந்தால்தான் மருந்து. அவளிடம் சதை எடுக்க மயக்கம் கொடுத்தால் இதயம் தாங்காது என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள். இனி அந்த மறு பாதி ஒன்றுதான் கதி.

அதை வாங்கிப்போகத் தேவசகாயம் வந்த அன்று, பூரணி முதலில் அவர் மனைவி எஸ்தரிடம் நடந்ததைச் சொன்னாள்.

"அவர்கிட்ட சொல்லிராதீங்க மேடம். உசிரையே விட்டுருவாரு."

பூரணி அவரிடம் போய், "ஆய்வுக்கு வச்ச பாதி என் கை பட்டுக் கெட்டுப்போச்சு சார். மறு பாதியையும் குடுங்க, ஷீபாவுக்காக" என்றாள்.

"கெடுத்த கையிலயே இன்னொரு பாதியா? எங்க வண்டி கிளீனர்கூட ஆயில் மாத்தும்போது கையுறை மாட்டுதான் மேடம்!"

மறு பாதி இருந்த ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். தூங்குகிற ஷீபாவைத் தோளில் போட்டிருந்த எஸ்தருக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, நில்லுங்க. மேடம் கை இல்ல. உங்க விரலுதான் பட்டுது. உங்களுக்காவ அவங்க பொய் சொல்லுதாங்க."

அவர் பூரணியைப் பார்த்தார். அவள் தலை குனிந்தது.

"அப்பவே என்னைய அதட்டிருக்கலாம்லா, தாயி?"

திரும்பி வந்து பெட்டியை மேசையில் வைத்தார். "அவன் கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்" என்று யாரிடமோ சொல்லியபடி வெளியேறினார். எஸ்தரும் மகளோடு பின்னால் போனாள்.

கேட்டவர்களே, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள் ஒருத்தி. புருஷன் நெஞ்சு வெடிக்கும் என்று தெரிந்தும் உண்மையை உடைத்தாள் ஒருத்தி. செத்த பிள்ளைக்குச் செய்த சத்தியத்தை, இருக்கிற பிள்ளைக்காக முறித்தார் ஒருவர். இதில் யார் செய்தது சரி?

என்னைக் கேட்டால், எஸ்தர். பூரணியின் பொய்யில் இரக்கம் இருந்தது. ஆனால் அந்தப் பொய்தான் அவரை வாசல்வரை அனுப்பியது. நடந்தது தெரியாத மனிதரிடம் சம்மதம் கேட்டு என்ன பயன்? தேவசகாயம் செய்தது சரியா என்று சொல்ல ஜெபினுக்குத்தான் உரிமை, அவன் இல்லை. மறு பாதியிலாவது விடை கிடைக்குமா என்பதும் தெரியாது. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. பூரணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளறையை நோக்கி நடந்தாள்.