அப்பாவின் கையெழுத்து

கல்லூரியில் விமானப் பயிற்சி மாணவர் படைக்கு ஆள் எடுத்தார்கள். ஓட்டத்தில் முதலாவதாக வந்தவள் மீனவர் குப்பத்துச் சகாயமேரி. அவள் படிவத்தைப் புரட்டிய அதிகாரி சந்திரசூடன் மீசையை முறுக்கினார்.

"அப்பா கையெழுத்து எங்கேம்மா?"

"அம்மா போட்டிருக்காங்க சார். கடலுக்குப் போன அப்பா ரெண்டு வருஷமாத் திரும்பலை."

"அப்ப இறப்புச் சான்றிதழ் கொண்டா."

"உடல் கிடைக்கலைன்னு தரமாட்டேங்கறாங்க."

"இருந்தா கையெழுத்து, இல்லேன்னா சான்றிதழ். ரெண்டும் இல்லாம இந்த வாசல்ல கால் வைக்காதே!"

சகாயமேரி ஒரு வெள்ளைத்தாளை அவர் முன் வைத்தாள். "அப்பா இருக்காரா இல்லையான்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். இருக்கார்னா, அம்மா தினமும் அவருக்குச் சோறு எடுத்து வைக்கட்டும். இல்லேன்னா, இன்னிக்கே கல்லறைத் தோட்டத்துல சிலுவை நட்டுடறோம்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடிவிட்டார்.

"உங்களாலேயே போட முடியலையே, எங்கப்பா எப்படி சார் போடுவார்?"

அம்மா கையெழுத்தே போதும் என்று முணுமுணுத்தபடி அதிகாரி படிவத்தில் முத்திரை குத்தினார்.

"விமானத்துல ஏறி என்னம்மா பண்ணப்போறே?"

"அப்பாவைத் தேடப்போன விமானம் மூணாம் நாளே திரும்பிடுச்சு சார். நான் போனா நாலாம் நாளும் தேடுவேன்."