இரண்டாவது ஆபத்து

"ஆபத்தேய்... ஆபத்து..."

இது நடந்து நாற்பது வருடம் இருக்கும். கல்குவாரியில் வெடி வைப்பதற்கு முன்னால் மூக்கன் கூவுவான். குரல் பாறையில் மோதி, அடிவாரத்து மடம் வரை இழுபட்டு வரும். ஒரு நாளைக்கு மூன்று முறை.

மடத்துக்கு அமைதி தேடி வந்திருந்தார் அருளப்பன். கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர்.

"நான் கிளம்பறேன், தாயே."

மடத்தை நடத்திய வடிவம்மை அவரைவிட இருபது வயது இளையவள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சத்தம் தாங்கலையா, ஐயா?"

"சத்தமில்லை. அந்தச் சொல். உயிர் போற நேரத்துக்குன்னு இருக்கிற சொல். இங்கே அதை வச்சு மணி பார்க்கிறாங்க. முதல் ஆபத்துக்கு உலை வைக்கிறாங்க. ரெண்டாவது ஆபத்துக்கு மாட்டுக்குத் தண்ணி காட்றாங்க. மூணாவது ஆபத்துக்கு எதிர்வீட்டுல பெண் பார்க்க வர்றாங்களாம்."

"நீங்க?"



"தூசி விழாம ரசத்தை மூடுறேன்."

வடிவம்மை சிரித்தாள்.

"அலுத்துப்போச்சு, தாயே. முப்பது வருஷம் பொருள் சொல்லியே காலம் போச்சு."

"நாளைக்குப் போங்க. இன்னைக்கு மூக்கனுக்குக் காய்ச்சல். ரெண்டாவது தடவைக்கு ஆள் இல்லையாம். கூவிட்டு வாங்க."

போனார். பாறைமேல் நின்று, அடிவயிற்றிலிருந்து கூவினார்.

ஜல்லி உடைத்த பெண்கள் கூடையைக் கவிழ்த்துவிட்டு, பேசிக்கொண்டே நகர்ந்தார்கள். ஒருத்தி மட்டும் பாறை நிழலில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

மறுபடி கூவினார்.

"கேக்குது, கேக்குது. இப்பத்தான் வாய் வச்சிருக்கு."

"கல்லு விழும்மா."

"தினம் விழறதுதானே."

மூன்றாம் முறை கூவ வாய் வரவில்லை. இறங்கிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க ஏன் உக்காந்துட்டீங்க?"

"பிள்ளை குடிக்கட்டும்."

வெடிக்காரன் மேலிருந்து கத்தினான். "பெரியவரே, திரியைப் பத்த வைக்கவா, வேணாமா? அங்க என்ன விருந்தா?"

அருளப்பன் அசையவில்லை.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். பிள்ளையை மாரிலிருந்து பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். பிள்ளை வீறிட்டது. அவரும் பின்னால் ஓடினார்.

பொழுது சாய மடத்துக்கு வந்தார். வேட்டியெல்லாம் கல்தூசி.

"காலையில எத்தனை மணிக்கு பஸ்?" வடிவம்மை கேட்டாள்.

"மூக்கனுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?" என்றார்.

மூக்கன் பிழைக்கவில்லை. அருளப்பன் அந்தப் பாறைமேல் பதினோரு வருடம் கூவினார்.